நல்லா ஓடுற மெஷின்

வாங்க சார். அந்தப் படியில பாத்துக் கால் வைங்க, பாசி. போன்ல பேசினது நான்தான், சுலோச்சனா. விறகு பிளக்கிற மெஷின் பின்னாடி கொட்டகையில இருக்கு. சாரல் படக் கூடாதுன்னு சாக்குப் போட்டு மூடி வச்சிருக்கேன். அரவேணுப் பக்கம் புதுசா வீடு கட்டியிருக்கிறதாச் சொன்னீங்களே, ஃபயர் பிளேஸ் வச்ச வீடு? அப்ப உங்களுக்கு நெறைய விறகு வேணும். டிசம்பர் வந்துட்டா அது தின்னுக்கிட்டே இருக்கும்.

இதுதான். பிளக் போடுறேன். போட்ட உடனே கட்டையை வைக்கக் கூடாது, கொஞ்ச நேரம் சும்மா ஓடட்டும். நம்ம ஊர்க் குளிருக்கு உள்ள இருக்கிற ஆயில் கெட்டியாயிடும். அவசரப்பட்டா மோட்டார் முனகும். சத்தம் கேக்குதா? இவ்வளவுதான் சத்தம். இப்ப இந்தக் கட்டையை வைக்கிறேன். சீகை மரம், காஞ்சது. ஒரு கை இந்த லீவர்ல, இன்னொரு கை இந்தப் பட்டன்ல. ரெண்டையும் சேத்துப் பிடிச்சாத்தான் கட்டையை எதுக்க இருக்கிற ஆப்புல தள்ளும். ஒரு கையை எடுத்தாலும் அப்படியே நின்னுடும். பாத்தீங்களா? வெண்ணெய் மாதிரி.

கேளுங்க, தப்பில்லை. குறை இல்லைன்னா ஏன் விக்கிறீங்கன்னு கேக்காம யாரும் வாங்க மாட்டாங்க. போன வாரம் குன்னூர்ல இருந்து ஒருத்தர் வந்தாரு, அவரும் இதையேதான் கேட்டாரு. எனக்குச் சரியாப் பதில் சொல்ல வரலை. ஏதோ கோளாறு இருக்குன்னு நெனச்சுக்கிட்டுப் போயிட்டாரு. அதனால உங்களுக்கு முதல்ல இருந்தே சொல்லிடுறேன். மறைக்க ஒண்ணும் இல்லை. அந்த ஸ்டூல்ல உக்காருங்க.

எங்க வீட்டுக்காரர் இருந்த வரைக்கும் விறகு பிளக்கிறது அவரு வேலை. தேவராஜ்னு பேரு. வாரமெல்லாம் தோட்டத்துல நிப்பாரு, ஞாயித்துக்கிழமை காலையில கோடாலி எடுப்பாரு. கேரட்டும் பீட்ரூட்டும் போடுற அளவுக்கு நமக்கு நிலம் இருக்கு, அந்தா, அந்தக் கற்பூர மரத்துக்குக் கீழ. இப்ப குத்தகைக்கு விட்டுட்டேன். அப்பல்லாம் விளைஞ்சதை மேட்டுப்பாளையம் மண்டிக்குக் கொண்டு போறது லோகு வண்டியில. லோகநாதன். பிக்கப் வச்சிருக்கிற தம்பி. நம்ம சரக்கு போகும்போதெல்லாம் எங்க வீட்டுக்காரரும் கூடப் போவாரு, ரெண்டு பேரும் பேசிக்கிட்டே இறங்குவாங்க.

அன்னிக்கு ஞாயித்துக்கிழமை. மறுநாள் சந்தை, சீக்கிரம் இறக்கணும்னு இவரு கோடாலியைத் தொடலை, காலையிலேயே ரெண்டு பேரும் கெளம்பிட்டாங்க. மழை விட்டு மூடுபனி. எதுக்க வந்த லாரிக்கு ஒதுங்கியிருக்காங்க. ஓரத்து மண்ணு சரிஞ்சு வண்டி சாஞ்சிடுச்சு. அவரு உக்காந்திருந்த பக்கமா சாஞ்சிடுச்சு. லோகுவுக்கு நெத்தியில தையல். இவரு போயிட்டாரு. கேரட்டெல்லாம் தேயிலைக்குள்ள கெடந்துச்சாம், போறவங்க வர்றவங்க பொறுக்கிக்கிட்டுப் போனாங்களாம். நல்ல கேரட், அந்தத் தடவை.

நான் அழலைன்னு ஊர்ல பேசிக்கிட்டாங்க. அழுறதுக்கு வரணுமில்ல சார்? வரலை. வந்தவங்களுக்கெல்லாம் டீ போட்டுக்கிட்டு இருந்தேன். அடுப்புல இருந்த குண்டானைத் துணி பிடிக்காம வெறுங்கையில இறக்கிட்டேன்னு என் பொண்ணு ஹேமா கத்தினா. எனக்குச் சுட்டதே தெரியலை. பாருங்க, இந்த ரெண்டு விரல்லயும் தோல் இப்பவும் தடிப்பாத்தான் இருக்கு. கிள்ளினாலும் தெரியாது.

அவரோட அண்ணன், லோகு மேல கேஸை இறுக்கிக் குடுன்னாரு. ஸ்டேஷன்ல கேட்டாங்க. எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னேன். நான் அங்க இல்லையே, எனக்கு எப்படித் தெரியும்? கேஸ் எப்படியோ முடிஞ்சுது. எனக்கு லோகு மேல கோபம்னு எல்லாரும் நெனச்சாங்க. கோபமெல்லாம் ஒண்ணும் இல்லை. இன்னிக்கு வரைக்கும் அந்தத் தம்பியை ஒரு சொல் தப்பாச் சொன்னதில்லை நான்.

கருமாதி முடிஞ்சு கொஞ்ச நாள் இருக்கும். ஞாயித்துக்கிழமை காலையில அடுப்படியில நிக்கிறேன், பின்னாடி கோடாலிச் சத்தம். கையில இருந்த கரண்டியோட அப்படியே நின்னுட்டேன். எவ்வளவு நேரம் நின்னேன்னு தெரியலை, பால் பொங்கி வழிஞ்சிடுச்சு. அப்புறம் ஜன்னல்ல பாத்தா லோகு. நெத்தியில கட்டு கூட இன்னும் பிரிக்கலை. கொட்டகையில இருந்த எங்க கோடாலியை எடுத்து, கெடந்த கட்டையெல்லாம் பிளந்து அடுக்கிக்கிட்டு இருந்துச்சு. நான் ஒண்ணும் கேக்கலை. துவைக்கிற கல்லு மேல டீயைக் கொண்டு போய் வச்சேன். லோகு குடிச்சிட்டு, டம்ளரைக் கழுவிக் கவுத்து வச்சிட்டுப் போயிடுச்சு.

அடுத்த ஞாயிறும் வந்துச்சு. அப்புறம் ஒவ்வொரு ஞாயிறும். வருஷக் கணக்கா. பொங்கலாகட்டும், தீபாவளியாகட்டும், ஞாயித்துக்கிழமைன்னா வந்துடும். நான் வரச் சொன்னதும் இல்லை, வராதேன்னு சொன்னதும் இல்லை. டீயை வைப்பேன், உள்ள வந்துடுவேன். பேசக் கூடாதுன்னு இல்லை, பேச ஒண்ணும் இல்லை. "இது ஈரமா இருக்குக்கா, அடுத்த வாரம் பாக்குறேன்"னு சொல்லும். நான் தலையாட்டுவேன். மழை பெய்ஞ்சா கொட்டகை ஓரத்துல ஒண்டிக்கிட்டு டீ குடிக்கும். உள்ள வான்னு நான் கூப்பிட்டதில்லை, அதுவும் எதிர்பாத்த மாதிரி தெரியலை. நல்ல வேலை. ஒரே அளவா, ஒரே தடிமனா அடுக்கும். இவரு அடுக்கினா கோணலா இருக்கும்.

இருங்க, இதை அணைச்சிடுறேன். சும்மா ஓட விடக் கூடாது, சூடாயிடும். அதையும் ஞாபகம் வச்சுக்குங்க.

ஹேமா கோயமுத்தூர்ல ஆஸ்பத்திரியில நர்ஸா இருக்கா. ஒரு லீவுக்கு வந்திருந்தப்ப லோகு பிளக்கிறதைப் பாத்துக்கிட்டே நின்னா. லோகுவுக்குத் தோள்பட்டையில ஏதோ வலி போல, வலது கையைத் தூக்க முடியாம இடது கையால ஓங்கிக்கிட்டு இருந்துச்சு. நான் கவனிக்கலை. ஹேமா உள்ள வந்து, "இன்னும் எத்தனை வருஷத்துக்கும்மா அவருக்கு இந்தத் தண்டனை?"ன்னு கேட்டா. எனக்குப் புரியவே இல்லை. யாரு தண்டனை குடுத்தா? நானா வரச் சொன்னேன்? நல்லா இருக்கே கதைன்னு சொல்லிட்டு, அன்னிக்குப் பூரா யோசிச்சேன். சரி, தோளும் வலிக்குது, புள்ளையும் இப்படிச் சொல்லுது, ஒரு மெஷின் வாங்கிட்டா யாருக்கும் தொந்தரவு இல்லைன்னு முடிவு பண்ணேன்.

வாங்கினது ஒண்ணும் கண்ணை மூடிக்கிட்டு வாங்கலை சார். அது உங்களுக்குத் தெரியணும். கோயமுத்தூர் போறப்ப ஒரு பையில கட்டையைப் போட்டு எடுத்துக்கிட்டே போனேன். கற்பூர மரக் கட்டை, முறுக்கு விழுந்தது, நடுவுல பெரிய கணு. லோகு ரெண்டு ஞாயிறு முட்டிப் பாத்து ஒதுக்கி வச்சிருந்த கட்டை அது. கடையில வச்சிருக்கிற நேர்க் கட்டையை எல்லா மெஷினும் பிளக்கும், நம்ம கட்டையை எது பிளக்குதுன்னு பாக்கணுமில்ல? பஸ்ல கண்டக்டர் பையைத் தூக்கிப் பாத்துட்டு, என்னம்மா கல்லான்னு கேட்டாரு. ஹேமாவுக்கு வெக்கம், தள்ளிப் போய் உக்காந்துக்கிட்டா.

முதல் கடையில திருகு மாதிரி ஒண்ணைக் காட்டினாங்க. கூரா, பம்பரம் மாதிரி சுத்தும், கட்டையை அதுல முட்டினா உள்ள ஏறிப் பிளக்கும். சீக்கிரம் ஆகும், விலையும் கம்மி. ஆனா சேலைத் தலைப்பு பக்கத்துல போச்சுன்னா முடிஞ்சுது. கட்டையே கையைப் பிடுங்கிக்கிட்டுச் சுத்தும். அது வீட்டுக்கு ஆகவே ஆகாது சார், யாரு சொன்னாலும் வாங்காதீங்க. இன்னொரு கடையில பெட்ரோல்ல ஓடுறது. பெரிய எஸ்டேட்டுக்குச் சரி. கயித்தைப் பிடிச்சு இழுத்து ஸ்டார்ட் பண்ணணும், நம்ம ஊர்க் காலைக்குளிர்ல தோளு கழண்டுடும். சத்தத்துக்குப் பக்கத்து வீட்ல சண்டைக்கு வருவாங்க. நின்ன வாக்குல ஒரு மெஷின் இருந்துச்சு, அது நல்லதுதான், கட்டையைத் தூக்க வேண்டாம், உருட்டிக் கொண்டு போய் நிறுத்தினாப் போதும். ஆனா ஆள் உயரம் இருக்கு, இந்தக் கொட்டகைக் கூரை இடிக்கும். கடைசியாத்தான் இதைப் பாத்தேன். என் கட்டையைக் குடுத்தேன். ஒரு தடவை தள்ளி நின்னுடுச்சு. கடைக்காரத் தம்பி கட்டையைத் திருப்பி, கணு இல்லாத முனையை ஆப்புப் பக்கம் வச்சாரு. கறகறன்னு ஒரு சத்தம், ரெண்டா விழுந்துச்சு. அந்த ரெண்டு துண்டையும் பையில போட்டுத் திரும்ப எடுத்துட்டு வந்துட்டேன்.

வீட்ல யாரு ஓட்டுவாங்கன்னு அந்தத் தம்பி கேட்டாரு. நான்தான்னேன். ஜென்ட்ஸ் யாரும் இல்லையாம்மான்னாரு. இல்லைன்னேன். அதுக்குத்தான் இந்த ரெண்டு கை லீவரை நல்லா விளக்கிச் சொன்னாரு. ரெண்டு கையும் மெஷின்ல இருந்தா ரெண்டு கையும் பத்திரம். எனக்கு அது பிடிச்சுப் போச்சு. வேற ஆளே தேவையில்லை பாருங்க.

மெஷின் வந்து இறங்கினதுக்கு அடுத்த ஞாயிறு லோகு எப்பவும் போல வந்துச்சு. கோடாலியைக் கையில எடுத்துட்டுத்தான் இதைப் பாத்துச்சு. நான் வெளிய வந்து சொன்னேன்.

"மெஷின் வாங்கிட்டேன் லோகு. இனிமே நீ சிரமப்பட வேண்டாம்."

லோகு கேட்டுச்சு. "நான் ஏதாவது தப்பாப் பண்ணிட்டனாக்கா?"

"அதெல்லாம் இல்லை. மெஷின் வந்துடுச்சு, அவ்வளவுதான்."

கோடாலியை இருந்த இடத்துல சாத்தி வச்சுது. மெஷினைச் சுத்தி வந்து பாத்துச்சு. வயரைத் தொட்டுப் பாத்துட்டு, இது மெல்லிசுக்கா, சூடேறும்னு சொல்லிட்டுப் போயிடுச்சு. போயிடுச்சுன்னு நெனச்சா, கொஞ்ச நேரத்துல தடி வயரும் ப்ளக் பாயின்டும் வாங்கிக்கிட்டு வந்து, அந்தா பாருங்க, அதை மாட்டிக் குடுத்துட்டுத்தான் போச்சு. டீ வச்சேன், குடிக்கலை. பாரம் இறங்கின மாதிரி இருந்திருக்கும் லோகுவுக்குன்னு நெனச்சுக்கிட்டேன். எனக்கும் மனசுக்கு நிம்மதியாத்தான் இருந்துச்சு.

மெஷினைக் குறை சொல்லவே முடியாது. ஒரு காலையில லோகு பண்ற வேலையை இது டீ ஆறுறதுக்குள்ள பண்ணிடுச்சு. அதுக்கப்புறம் ஞாயித்துக்கிழமையில பண்றதுக்கு ஒண்ணும் இல்லை. முத்தத்தைக் கூட்டுவேன். கூட்டினதையே திரும்பக் கூட்டுவேன். சரி, மெஷின் சும்மா கெடந்தா வீணாப் போயிடும்னு இன்னொரு லோடு கட்டை இறக்கினேன். அதையும் ஞாயித்துக்கிழமையில பிளந்து அடுக்கினேன். அப்புறம் இன்னொரு லோடு. நீங்க வர்ற வழியில பாத்திருப்பீங்க, சுவரோரமாக் கூரை வரைக்கும் நிக்குது. பக்கத்து வீட்டம்மா, விறகு டெப்போ வைக்கப் போறீங்களான்னு கேக்குறாங்க. உங்களுக்கு வேணும்னா அதுலயும் கொஞ்சம் ஏத்திக்கிட்டுப் போங்க. எனக்கு அவ்வளவு தேவையே இல்லை. ஒத்தை ஆள், குளிக்க ஒரு தவலை தண்ணி, சோறு ஒரு பொழுது.

அப்படி இருக்கிறப்பத்தான் லோகுவோட சம்சாரம் வசுமதி வந்தா. இதுக்கு முன்னாடி இந்த வீட்டுக்குள்ள காலெடுத்து வச்சதில்லை. நேரா வந்து தரையில உக்காந்துட்டா. லோகு வண்டி ஓட்டுறதை விட்டுடுச்சாம். வண்டி ஸ்டேண்ட்லயே நிக்குதாம், காலையில போய்த் துடைச்சு, உள்ள ஏறி உக்காந்துக்குமாம். ஸ்டார்ட் பண்றதில்லை. பொழுதுக்கும் இப்படியேதானாம். லோடுக்குக் கூப்பிட வர்றவங்க பாத்துட்டுத் திரும்பிப் போறாங்களாம். ஞாயித்துக்கிழமை ஆனா குளிச்சு, சட்டையை மாட்டிக்கிட்டு வாசல் வரைக்கும் வந்து நிக்குமாம். அப்புறம் சட்டையைக் கழட்டிடுமாம்.

நான் என்ன பண்ணணும்னு கேட்டேன். அவ சொன்னா:

"மெஷின் கெட்டுப் போச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்கக்கா. அது போதும்."

எனக்குச் சிரிப்பு வந்துச்சு. நல்லா ஓடுற மெஷினை எப்படிக் கெட்டுப் போச்சுன்னு சொல்றது? அப்புறம் லோகு வந்து ரிப்பேர் பாக்குறேன்னு கழட்டும், ஓடுதேன்னு சொல்லும். அதெல்லாம் சரிப்படாதும்மா, எனக்குப் பொய் சொல்ல வராதுன்னு சொன்னேன். ஞாயமாத்தானே சொன்னேன்? அவளுக்கு அதுல கோபம் வந்துடுச்சு.

"அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு ஒரு நாளாவது அவருகிட்டக் கேட்டிருப்பீங்களா நீங்க?"

கேக்கலைன்னேன். கேட்டா என்ன ஆகப் போகுது?

"ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் தேவராஜ் அண்ணன் தலை இவரு மடியிலதான் இருந்துச்சு. அண்ணன் ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாராம். வீட்ல பிளந்த விறகு இல்லை லோகுன்னாராம். அதுக்கப்புறம் பேசலையாம். நீங்க கேப்பீங்க, சொல்லணும்னு ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் நெனச்சுக்கிட்டுத்தான் வந்தாரு. நீங்க டீயை வச்சுட்டு உள்ள போயிட்டீங்க."

நான் என்ன சொன்னேன் தெரியுமா சார் அதுக்கு? "விறகு இருந்துச்சே வசுமதி"ன்னேன். நெசமாவே இருந்துச்சு. முந்தின வாரம் அவரு பிளந்ததுல ஒரு கட்டு எடுத்து, மழைக்கு ஆகும்னு பரண் மேல போட்டு வச்சிருந்தேன். அவருகிட்டச் சொல்லலை. இதையெல்லாமா புருஷன்கிட்டச் சொல்லிக்கிட்டு இருப்பாங்க? கொட்டகை காலியா இருந்ததைப் பாத்துட்டு இல்லைன்னு நெனச்சிருக்காரு. இருந்துச்சு. ஒரு வாரத்துக்குத் தாராளமா இருந்துச்சு.

வசுமதி என்னை ஒரு மாதிரி பாத்தா. எந்திரிச்சுப் போயிட்டா.

அவ போனப்புறம் ஏணி போட்டுப் பரண்ல பாத்தேன். அந்தக் கட்டு அங்கயேதான் இருந்துச்சு. எப்படி அதை எடுக்காம விட்டேன்னு எனக்கே தெரியலை. ஒட்டடை பிடிச்சுக் கெடந்துச்சு. ஒண்ணு தடியா, ஒண்ணு மெல்லிசா, அவரு பிளக்கிற மாதிரி. கீழ இறக்கி அடுப்புக்கிட்ட வச்சேன். விறகுதானே, எரிச்சிட்டா ஆச்சு. ஒண்ணை எடுத்து அடுப்புல வச்சேன். அப்புறம் வெளிய எடுத்துட்டேன். சாம்பலைத் துடைச்சுட்டு, எல்லாத்தையும் திரும்பப் பரண்லயே ஏத்திட்டேன். ஏன்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியலை. அன்னிக்குச் சமைக்கலை. பசியும் இல்லை.

அப்புறம்தான் இந்த யோசனை வந்துச்சு. கெட்டுப் போச்சுன்னு சொன்னாத்தானே பொய். வித்துட்டா, வித்தாச்சு. அதுல பொய் எங்க இருக்கு? எனக்காக விக்கலை சார், அதைத் தெளிவாச் சொல்லிடுறேன். எனக்கு மெஷின் இருந்தாலும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான். அந்த வசுமதி பாவம், புருஷன் வேலைக்குப் போகாம இருந்தா குடும்பம் என்னத்துக்கு ஆகுறது? அதுக்குத்தான். ஹேமா கேட்டா. கரன்ட் சரியா வர்றதில்லை, மோட்டார் இழுக்க மாட்டேங்குதுன்னு சொல்லி வச்சிருக்கேன். அவகிட்ட வேற என்னத்தைச் சொல்றது?

இப்பத் தெரிஞ்சுதா, ஏன் விக்கிறேன்னு? கோளாறு ஒண்ணும் இல்லை. வேணும்னா இன்னொரு கணுக் கட்டையைப் போட்டுக் காட்டுறேன். வேண்டாமா? சரி, எடுத்துக்குறீங்கன்னா இன்னிக்கே எடுத்துக்குங்க. நாளன்னிக்கு வர்றேன், அடுத்த வாரம் வர்றேன்னு சொல்லாதீங்க. உங்க வண்டியில ஏறும், சக்கரம் இருக்கு, நான் ஒரு பக்கம் பிடிக்கிறேன். அந்தத் தடி வயரையும் ப்ளக் பாயின்டோட கழட்டித் தர்றேன். வேண்டாம், அது இங்கயே இருக்கட்டும். வயர் நீங்க புதுசா வாங்கிக்குங்க, தடியாப் பாத்து வாங்குங்க. ஆயிலை வருஷத்துக்கு ஒரு தடவை மாத்திடுங்க. கூடச் சின்னப் பசங்களை நிக்க விடாதீங்க.

ஒரே ஒரு உதவி சார். நீங்க போற வழியில ஜங்ஷன்ல பிக்கப் ஸ்டேண்ட் இருக்கு. பச்சை கலர் வண்டி, ஓரமா நிக்கும், அதுக்குள்ள ஒரு ஆள் சும்மா உக்காந்திருக்கும். நெத்தியில தழும்பு. நீங்க வண்டியை நிறுத்தினீங்கன்னா, பின்னாடி இருக்கிற மெஷினை லோகுவே பாத்துடும். பாத்தா எறங்கி வரும். இதை எங்க வாங்கினீங்கன்னு கேக்கும். சுலோச்சனா அக்கா வித்துட்டாங்கன்னு சொல்லுங்க. கெட்டுப் போச்சான்னு கேக்கும். இல்லை, நல்லா ஓடுதுன்னே சொல்லுங்க. நல்லா ஓடுது, ஆனாலும் வித்துட்டாங்கன்னு சொல்லுங்க. வேற ஒண்ணும் சொல்ல வேண்டாம்.